முதிர்வது வேறு, மக்குவது வேறு

மது வைக்க வைக்கச் சிறக்கும் என்பது உலகத்தார் பெரும்பாலோர் நம்பும் ஒரு பொய். குடிப்பவரும் நம்புகின்றனர், ஒரு துளியும் தொடாதவரும் நம்புகின்றனர். இதை மறுத்து எழுத முற்பட்டது மதுவின் மீதுள்ள பற்றினால் அன்று. இந்தப் பொய் எங்கள் ஊவா மலைகளுக்கும் ஏறி வந்துவிட்டது. தேயிலைப் பொதியின் மேலும், தங்குவிடுதியின் விலைப்பட்டியலிலும் குந்தியிருந்தது போதாதென்று, இப்போது லயங்களின் தகரக் கூரை மேலும் ஏறி அமர்ந்திருக்கிறது. பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், கொஸ்லந்தையைக் கடந்து தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகும் பயணிக்குக் கிடைக்கும் விளம்பரத் தாள்களை வாசித்துப் பாருங்கள். பழைய பங்களா, பழைய தொழிற்சாலை, பழைய லயம் எல்லாமே நல்ல செம்மதுவைப் போல் காலத்தால் மெருகேறியவையாம்!

மலையகத்தவன் மதுவைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சம்பள நாளன்று தவறணை வாசலில் கரைந்துபோன குடும்பங்களைப் பற்றி நான் எழுதிய பத்திகளை அவர்கள் வாசித்திருக்க மாட்டார்கள். கசிப்பின் கொடுமையை எழுதியவனுக்கு, நிலவறை மதுவைப் பற்றிய கட்டுக்கதையையும் எழுத உரிமை உண்டு. மேலும், உவமை ஒன்றை எடுத்தாள்பவர் அந்த உவமையின் பொருளை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? அறியாமல் எடுத்தாண்டால் அதைச் சுட்டிக்காட்டுவது பத்திரிகையாளனின் வேலை.

இந்த விடயம் தமிழருக்குப் புதிதுமன்று. பறம்பு மலையைப் பாடிய கபிலர், நிலத்தில் புதைத்து முதிரவைத்த கள்ளைப் புறநானூற்றின் 120ஆம் பாட்டில் குறிப்பிடுகிறார். மூங்கிற் குழாயில் அடைத்து விளையவைத்த தேறலைப் பத்துப்பாட்டு அறியும். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் பாடியுள்ளார். 1945ஆம் ஆண்டு அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. மண்ணுக்குள் ஏன் புதைத்தார்கள்? மண்ணுக்குள் குளிர்ச்சி மாறாது, ஒளி புகாது, காற்று தீண்டாது. மதுவை முதிரச் செய்தது காலம் மட்டுமன்று, இந்த மூன்று காவல்களுமே என்பதை மலைக்குறவனும் அறிந்திருந்தான். இன்றைய விளம்பர எழுத்தாளருக்கு அது தெரியவில்லை.

ஐரோப்பாவின் கதையும் அதுவே. உரோமர்கள் சாடியை இறுக மூடி வைத்ததால் அவர்களுடைய ஃபலேர்னிய மது பல ஆண்டுகள் தாங்கியது. அவர்களுக்குப் பின் மரப்பீப்பாய் வந்தது, மூடி தளர்ந்தது, காற்று நுழைந்தது. அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் புது மதுவைத்தான் விரும்பி வாங்கினர். சென்ற ஆண்டு மதுவை மலிவாகத் தள்ளிவிட்டனர், அது காடியாகிக்கொண்டிருந்தது என்பதனால். 17ஆம் நூற்றாண்டில் தடித்த கண்ணாடிப் புட்டியும் தக்கையும் சேர்ந்து வழக்குக்கு வந்த பிறகே பழைய மதுவுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. ஆக, பழமையின் பெருமை என்பது அடைப்பானின் பெருமை!

சரி, புட்டிக்குள் என்னதான் நடக்கிறது? செம்மதுவின் நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்து வருபவை. துவர்ப்புக்குக் காரணமான டானின் தோலில் மட்டுமின்றி விதையிலும் உண்டு. இளம் மதுவில் இந்த டானின் நாக்கைப் பிடித்திழுக்கும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி கனம் தாளாமல் அடியில் வண்டலாகப் படிகிறது. துவர்ப்பு மென்மையாகிறது. ஊதா கலந்த சிவப்பு மாதுளைச் சிவப்பாகி, செங்கல் நிறமாகி, விளிம்பில் ஆரஞ்சு காட்டுகிறது. வெண்மது முதிர்ந்தால் நிறம் ஏறும். செம்மது முதிர்ந்தால் நிறம் இறங்கும். புதுப் பழத்தின் மணம் மெல்ல விலகி, அந்த இடத்தில் மழைக்குப் பின் காட்டுத் தரையில் கிளம்பும் உதிர்ந்த இலையின் மணம், காளானின் மணம், பதனிட்ட தோலின் மணம் என்பன வந்தமர்கின்றன.

ஆனால், எல்லாச் செம்மதுவும் இந்தப் பயணத்துக்கு உரியதன்று. வெளிர் செம்மது என்று நாம் சொல்லும் வகையிலேயே எத்தனை வேறுபாடு! பிரான்சின் பொஜோலே பகுதியில் கமே என்ற திராட்சையிலிருந்து எடுக்கும் இளம் மது, அறுவடையான சில வாரங்களில், நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழனன்று சந்தைக்கு வருகிறது. பழத்தை நசுக்காமல் குலையோடு தொட்டியிலிட்டு நொதிக்கவிடுவதால் துவர்ப்பு அதிகம் இறங்காது. அடுத்த வேனிலுக்குள் அதைக் குடித்துவிட வேண்டும். பத்தாண்டு காத்தால் கிடைப்பது சோர்ந்துபோன புளிநீர். அதே பொஜோலேயில், அதே கமே திராட்சையில், மொர்கோன், மூலான்-ஆ-வான் என்ற ஊர்களின் மது எட்டு, பத்து ஆண்டுகளில் வேறொன்றாக மாறி நிற்கும். 1395ஆம் ஆண்டு பர்கண்டிக் கோமகன் பிலிப் இந்தக் கமே கொடியைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கியெறியும்படி ஆணையிட்டான். அவன் காப்பாற்ற விரும்பிய பினோ நுவார் திராட்சையின் மதுவும் வெளிர் நிறந்தான். எனினும், நல்ல தோட்டத்துப் பினோ பல பத்தாண்டுகள் வாழும். இத்தாலியின் பரோலோவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினால் அப்பால் உள்ள விரல் தெரியும், அத்தனை வெளிர். வாயிலிட்டால் துவர்ப்பு அடித்து வீழ்த்தும். 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரத்தில், காத்த பின்னரே அதை விற்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம்.

நிறத்தைப் பார்த்து வலிமையை அளக்கக்கூடாது. வயதைப் பார்த்துச் சிறப்பை அளப்பதும் தவறே. உள்ளே அமிலமும் துவர்ப்பும் பழச்சுவையும் ஒன்றுக்கொன்று நிகராக இருந்தால்தான் முதிர்ச்சிக்கு வழியுண்டு. அப்படி இருந்தாலும், 12 அல்லது 13 பாகை வெப்பத்தில், இருளில், சற்று ஈரப்பதத்தில், அசையாமல், தக்கை காய்ந்துவிடாதபடி படுக்கவைத்துக் காக்க வேண்டும். வெப்பம் ஏறினால் மது விரைவாக முதிரும் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். விரைவாக வேகும் என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

இந்த வாதம் நடந்த இடம் அப்புத்தளைப் பக்கத்தில், துரைமார் வாழ்ந்த பங்களா ஒன்றை விடுதியாக்கிய ஓரிடம். ஒன்பது ஆண்டுகளான எளிய பொஜோலே ஒன்றை, வயதுக்கேற்ற விலையோடு, விருந்தினர் முன் வைத்தார்கள். புட்டி அதுவரை இருந்த இடத்தைக் கேட்டேன். சமையலறைப் புகைபோக்கியை ஒட்டிய அலமாரியாம், நின்ற நிலையிலாம். மேசையிலிருந்த வெளிநாட்டவர் இருவரும் பக்தியோடு அருந்தினர். நான் ஒரு மிடறோடு நிறுத்திக்கொண்டு பிளேன்டீ கேட்டேன். அது வந்தபோது இரண்டாவது ஏமாற்றம். சுற்றிலும் தேயிலை, கோப்பையில் மட்டும் மணமற்ற சாயம்.

தேயிலைக்கு வருகிறேன், ஏனெனில் ஊவாவின் உண்மையான வெளிர் செம்மது அதுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, வறண்ட கச்சான் காற்று மலைச்சரிவில் வீசும் வாரங்களில், கொழுந்து வாடி நின்று ஒருவகை மணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. தைலப் புட்டியைத் திறந்தாற்போன்ற ஒரு குளிர்மணம் அது. மெதில் சாலிசிலேட் என்ற பொருளே அதில் முதன்மையானது என்று வேதியியலார் சொல்கின்றனர். அந்தப் பருவத்துத் தேநீர் செம்பொன்னாகப் பளிச்சிடும். தொழிற்சாலையில் நொதித்தல் என்று நாம் சொல்வது உண்மையில் நொதித்தலே அன்று. கசங்கிய இலை காற்றோடு கலந்து நிறமும் சுவையும் மாறுகிறது, அவ்வளவுதான். வேண்டிய பதத்தில் சூடேற்றி அதை நிறுத்திவிடுகின்றனர்.

கவனியுங்கள்: புட்டிக்குள் மது எதைப் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் செய்கிறதோ, அதைப் போன்றதொன்றைத் தேயிலை ஓரிரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வெளிவருகிறது. இனி அதற்கு முதிர்ச்சி இல்லை. தயாரான சில வாரங்களில் பச்சைக் கடுப்புச் சற்று அடங்கும் என்பது உண்மை. அதன்பின் ஒவ்வொரு மாதமும் இழப்பே. எளிதில் ஆவியாகும் மணம் முதலில் போகும். பிறகு சாயத்தின் பளிச்சென்ற தன்மை மங்கும். ஈரம் ஏறினால் பூசண வாடை வரும். சீனத்தின் பூஏர் தேயிலை பல ஆண்டுகள் வைக்கப்படுகிறதே என்று வாதிடுவோருக்கு ஒரு சொல்: அங்கே நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன, ஊவாக் கருந்தேயிலையில் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதனால் குணமும் ஒன்றாகிவிடாது.

ஆயினும், மதுவின் சொற்களை எல்லாம் தேயிலை வணிகம் எடுத்துக்கொண்டுவிட்டது. மதுவிடமிருந்து உண்மையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்ததை மட்டும் விட்டுவிட்டது. நல்ல மதுப் புட்டியில் ஊரின் பெயர் இருக்கும், விளைந்த ஆண்டு இருக்கும், விளைவித்தவர் பெயர் இருக்கும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. இத்தனை காலத்துக்குப் பிறகும் கொஸ்லந்தைச் சரிவில் பறித்த கொழுந்தின் பெரும்பகுதி பெயரிழந்து கலவைக்குள் மறைகிறது. டொரொன்டோவிலோ பாரிசிலோ நீங்கள் வாங்கும் பொதியில் எத்தனை மாதத்துப் பழையது கலந்திருக்கிறது என்பதை அந்தப் பொதி சொல்லாது. வீட்டில் எளிய செம்மதுப் புட்டி ஒன்றைப் பேரன் திருமணத்துக்கென்று பத்திரப்படுத்தியிருப்பவர்கள் இந்த வாரமே திறந்துவிடுங்கள். ஊவாத் தேயிலையையும் அப்படியே. தோட்டத்தின் பெயரும் பறித்த பருவமும் அச்சிட்ட பொதியைத் தேடி வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் கடைக்காரரைக் கேட்டுத் தொந்தரவு செய்யுங்கள். தமிழ்க் கடைக்காரர்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார்.

கொழுந்து பறித்தவளின் அடுப்பில் கொதிப்பது எது என்று கேட்டால், தூளில் கடைசித் தரம். பருவத்து ஊவாத் தேநீரை ஒரு முறையும் சுவைக்காமலே ஓய்வு பெற்ற பெண்கள் எங்கள் லயங்களில் நிறைய இருக்கின்றனர்.

இனி அந்த லயங்களைப் பற்றி. காலத்தால் மெருகேறியவை என்று எழுதுகிறார்களே, அந்த உவமையையே எடுத்துக்கொள்வோம். நிலவறையில் மதுவை வைத்தவர் போய்ப் பார்ப்பார், தக்கையைச் சோதிப்பார், சுவரில் நீர் கசிந்தால் அன்றே அடைப்பார். கொஸ்லந்த மீரியபெத்தையில் மலைச்சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டு எச்சரித்தது. 2011ஆம் ஆண்டு மீண்டும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் சேறு இருந்தது. அங்கே முதிர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒன்பது ஆண்டுகள் முதிர்ந்த எச்சரிக்கை. தப்பியவர்களைப் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கவைத்தனர். 75 வீடுகள் கைக்கு வர 2016ஆம் ஆண்டாயிற்று. 2023 மார்ச்சில் பூணாகலைப் பக்கம் கபரகலையில் மீண்டும் மண்சரிந்து லயங்கள் இடிந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டம் முழுவதும் என்ன பாடுபட்டது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பொறுமையாயிருங்கள், எல்லாம் கனியும் என்று எங்களிடம் சொல்லாத தலைவரில்லை. 1948ஆம் ஆண்டு பறித்த குடியுரிமையின் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிந்தது. 55 ஆண்டுகள்! பரோலோவுக்குக்கூட 38 மாதங்கள் போதும் என்று சட்டம் சொல்கிறது. குடியுரிமைக்குப் பிறகு ஏழு பேர்ச் காணி என்றார்கள். அதன் உறுதிப்பத்திரத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று எந்த லயத்திலும் போய்க் கேட்கலாம். காத்திருத்தல் நற்பண்பு என்று சொல்பவர், காக்கும் வேலையைத் தாம் செய்திருக்க வேண்டும்.

விளம்பரத் தாள் அச்சிடுபவர்களோடு எனக்கு இனி வழக்கில்லை; அவர்கள் எழுதட்டும். கேட்க வேண்டியது மாவட்டச் செயலகத்திடமும் தோட்டக் கம்பனிகளிடமும். அல்துமுல்லைப் பிரதேசத்தில் அகற்ற வேண்டியவை என்று இதுவரை அடையாளங்காணப்பட்ட லயங்களின் பட்டியலைத் தமிழில் அச்சிடுங்கள். எந்த ஆண்டு எச்சரிக்கப்பட்டது என்ற திகதியையும் சேர்த்து அச்சிடுங்கள். அடுத்த வடகீழ்ப் பருவ மழைக்கு முன், அதை அந்தந்த லயத்தின் சுவரிலேயே ஒட்டுங்கள்.