ஆண் நாய் குட்டி போடாதாம்!

நாய்க்குட்டி வாங்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் கேள்வியே "ஆணா, பொட்டையா?" என்பதுதான். பெட்டை என்றால் முகம் சுருங்கிவிடும். "பொட்டைன்னா குட்டி போட்டுட்டே இருக்குங்க, ஆண் குட்டின்னா அந்தத் தொல்லை இல்ல பாருங்க" என்று விளக்கம் வேறு.

அதாவது ஆண் நாய் குட்டி போடாதாம். வாஸ்தவம்தான். ஆனால் எந்தப் பெட்டையும் இதுவரை தனியாகக் குட்டி போட்டதில்லையே சாமி!

இப்படி ஆண் குட்டியாகத் தேடி எடுத்தபின் மிச்சமாகும் பெண் குட்டிகள் எங்கே போகின்றன? கோணிப் பையில் கட்டி, ஊர்க்கோடியில், கோயில் வாசலில், கறிக்கடைப் பக்கம் விடப்படுகின்றன. அதே ஆண் குட்டி எட்டு, பத்து மாதத்தில் வயதுக்கு வருகிறது. சாயங்காலம் கேட்டைத் திறந்து "போயிட்டு வாடா" என்று விடுகிறோம். அது நேராக யாரிடம் போகும் என்று நினைக்கிறீர்கள்? நாம் வேண்டாம் என்று தள்ளிய அந்தப் பெட்டைகளிடம்தான். சுமார் 63 நாளில் குட்டிகள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஆறோ ஏழோ கிடக்கும். அப்போது நாம்தான் முதல் ஆளாகச் சொல்வோம்: "இந்தத் தெருநாய்த் தொல்லை தாங்கலைங்க, கார்ப்பரேஷன்காரன் என்னதான் பண்றான்?"

நான் படிப்பது பி.காம். கால்நடை மருத்துவம் இல்லை. ஆனால் எங்கள் பொருளாதார வகுப்பில் புறச்செலவு என்று ஒன்று சொல்லித் தந்தார்கள். லாபம் ஒருவனுக்கு, செலவு ஊருக்கு. கோவை, திருப்பூர் பக்கத்து ஆட்களுக்கு இதற்குப் பாடப்புத்தகமே வேண்டாம், நொய்யல் போதும். சாயக்கழிவு ஆற்றில் போனபோது அது எந்த ஆலையின் பேரேட்டிலும் செலவாக ஏறவில்லை. கடைசியில் 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. அவிழ்த்துவிடும் ஆண் நாயும் இதே கணக்குதான். குட்டிகள் நம் வீட்டு வாசலில் பிறப்பதில்லை, அதனால் நம் நோட்டில் அந்தச் செலவு ஏறுவதில்லை. அவ்வளவே.

2025-ல் தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். 22-ல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நாய்ப் பிரியர்களும் நாய் எதிர்ப்பாளர்களும் தொண்டை கட்டும் வரை கத்தினார்கள். வீட்டு நாயை அவிழ்த்துவிடுகிறவர்களைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்? இத்தனைக்கும் 2001-ல் வந்த நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளிலேயே வளர்ப்பு நாயின் இனப்பெருக்கத்துக்கு அதன் உரிமையாளர்தான் பொறுப்பு என்று எழுதியிருந்தது. 2023-ல் அந்த விதிகளே மாறிவிட்டன, நாம் மாறவில்லை :)

சரி, கருத்தடை ஆபரேஷன் செய்யலாமே என்றால் அடுத்த முட்டுக்கட்டை ரெடி. எங்கள் வீட்டிலும் இதே கதை. எங்களிடம் ஒன்பது மாதக் குட்டி ஒன்று இருக்கிறது, பெயர் கருப்பன், பாதி லேப்ரடார். ஆபரேஷன் என்றதும் அப்பா, "பாவம் கண்ணு, அவனும் ஆம்பளைதானே" என்றார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை, இது ஊர் முழுக்க இருக்கும் எண்ணம். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் தாத்தாக்கள் உழவு மாட்டுக்குக் காயடிக்கவில்லையா? கிடாய்க்குக் காயடிக்கவில்லையா? அதுவும் பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல், நாலு பேர் காலைக் கட்டிப் பிடித்து. அப்போதெல்லாம் யாருடைய ஆண்மைக்கும் பங்கம் வரவில்லை. நாய்க்கு முழு மயக்கம் கொடுத்து டாக்டர் செய்தால் மட்டும் வந்துவிடுகிறதாம்! நாய்க்குக் கௌரவம் என்ற ஒன்று கிடையாது. அது நம்முடையது. அதை நாயின் மேல் ஏற்றிவைத்திருக்கிறோம்.

இதுவரை கைதட்டிய நாய்ப் பிரியர்களே, கொஞ்சம் இருங்கள். அடுத்தது உங்களுக்குத்தான்.

"ஆறு மாசம் ஆச்சா? உடனே பண்ணிடுங்க" என்று எல்லா நாய்க்கும் ஒரே தேதி சொல்கிறீர்களே, அதுவும் தப்பு. விதையிலிருந்து வரும் ஹார்மோன் இனப்பெருக்கத்துக்கு மட்டும் இல்லை. எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் சரியான நேரத்தில் மூடிக்கொள்ளவும் அதுதான் சைகை. சீக்கிரமே எடுத்துவிட்டால் தட்டு மூடத் தாமதமாகி, கால் எலும்பு இயல்பை விடக் கொஞ்சம் நீளமாகிறது. மூட்டின் அமைப்பு மாறுகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் குழுவினர் 2013-ல் கோல்டன் ரெட்ரீவர்கள் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் விதை நீக்கிய ஆண் நாய்களில் 10 சதவீதத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு. நீக்காதவற்றைப் போல இரண்டு மடங்கு. 2020-ல் 35 இனங்களைப் பார்த்தபோது இனத்துக்கு இனம் கணக்கு மாறியது. பக், பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு மூட்டுப் பிரச்சினை கூடவில்லை. ஆண் லேப்ரடாருக்கு ஆறு மாதமாவது தாண்ட வேண்டும், கோல்டனுக்கு ஒரு வருடம், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வருடம் என்று பரிந்துரைத்தார்கள். கலப்பின நாய்களில், வளர்ந்தபின் 20 கிலோவுக்குக் கீழே நிற்பவற்றுக்குக் கவலையில்லை, அதற்கு மேல் போகிறவற்றுக்கு ஒரு வருடம் பொறுப்பது நல்லது. இதெல்லாம் அமெரிக்க நாய்கள். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் எலும்பு வளரும் விதம் எல்லா நாய்க்கும் ஒன்றுதான்.

ஆக, நான் வைக்கும் கேள்விகள் மூன்று.

1. உங்கள் நாய் கயிறு இல்லாமல் வெளியே போகிறதா? போகும் என்றால் ஆபரேஷன் தேவை. ஊருக்காக மட்டும் இல்லை, அதன் நன்மைக்கும்தான். பெட்டை வாசனைக்கு ஓடும் நாய்தான் லாரியில் அடிபடுகிறது, சண்டையில் காது கிழிந்து வருகிறது, இனச்சேர்க்கையில் தொற்றும் புற்றுக்கட்டியை வாங்கி வருகிறது. இந்தக் கட்டி நம் ஊர்த் தெருக்களில் சாதாரணம்.

2. வளர்ந்தால் எத்தனை கிலோ வரும்? தேதியை முடிவு செய்வது இதுதான். சின்ன நாய் என்றால் ஆறேழு மாதத்தில் செய்யலாம். பெரிய உடம்பு என்றால் வளர்ச்சி முடியட்டும்.

3. எந்தப் பிரச்சினை தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ஊர் சுற்றுவது, கண்ட இடத்தில் மூத்திரம் அடிப்பது, ஆளின் கால்மேல் ஏறுவது குறையலாம். பயத்தில் குரைப்பதும் பயத்தில் கடிப்பதும் குறையாது. பயந்த சுபாவம் உள்ள நாய் இன்னும் பயப்படலாம் என்றும் ஆய்வுகள் உண்டு. அதற்குத் தேவை பழக்கம், கத்தி இல்லை.

ஒருவேளை ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஒரு விதை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றிருந்தால் இந்த மூன்று கேள்வியும் தேவையில்லை. அதில் கட்டி வரும் ஆபத்து அதிகம், எடுத்தே ஆகவேண்டும். எப்போது என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

"நீ ஒரு ஆண் நாய்க்குச் செய்தால் தெருவில் குட்டி குறைந்துவிடுமா? இன்னொரு நாய் வந்துவிட்டுப் போகும்" என்பீர்கள். நியாயமான வாதம். ஒரே ஆண் நாய் பல பெட்டைகளுக்குப் போதும் என்பதால் தெருவில் எண்ணிக்கையைக் குறைப்பது முக்கியமாகப் பெட்டைகளின் கருத்தடைதான். ஆனால் எதிர்வீட்டுக்காரன் கணக்கில் பொய் எழுதினான் என்பதற்காக நம் கணக்கு சரியாகிவிடாது. எந்த ஆடிட்டரிடமும் இந்தப் பதில் செல்லாது.

"என் நாய் கேட்டைத் தாண்டாது, கயிற்றில்தான் போகும்" என்கிறீர்களா? சந்தோஷம். ஆபரேஷனே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் நான் மறுக்கமாட்டேன். வயதான காலத்தில் சுக்கிலச் சுரப்பி வீங்கலாம், விதையில் கட்டி வரலாம். அப்போது கவனித்துச் செய்தாலும் பலன் உண்டு. நார்வேயில் காரணம் இல்லாமல் நாய்க்கு இதைச் செய்யச் சட்டம் விடுவதில்லை. அங்கே நாய்கள் தெருவில் பெருகவும் இல்லை. ஏனென்றால் அங்கே யாரும் சாயங்காலம் கேட்டைத் திறந்து "போயிட்டு வாடா" என்று சொல்வதில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தள்ளிப்போடுவது தப்பில்லை, தள்ளிப்போட்டுவிட்டு அவிழ்த்துவிடுவதுதான் தப்பு. எலும்பு வளரட்டும் என்று ஒன்றரை வருடம் பொறுக்கிறீர்களா, அந்த ஒன்றரை வருடமும் கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும். காத்திருப்பதற்கான வட்டி அது. கருப்பனுக்கும் அதுவே முடிவு. இப்போதே 22 கிலோ இருக்கிறான், அதனால் பதினைந்து மாதம் ஆகட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை காலையும் மாலையும் கயிற்றோடு கூட்டிப் போவது என் வேலை. செமஸ்டர் பரீட்சை நாளிலும்தான். ஆபரேஷன் முடிந்த கையோடும் அவிழ்த்துவிட முடியாது, குழாயில் மிச்சம் இருக்கும் விந்தணு போகச் சில வாரம் ஆகும். அப்புறம் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் குண்டாகிவிடுவான்.

அப்பா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் போன வாரம் கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து அவரே மாட்டியிருக்கிறார். எனக்கு இப்போதைக்கு அது போதும்.