பெயர் மாறியது, கணக்கு மாறவில்லை



2022 அக்டோபர் 25 அன்று, தீபாவளியை ஒட்டி, 'தேங்க் காட்' என்ற இந்தி நகைச்சுவைத் திரைப்படம் வெளியானது. இயக்கியவர் இந்திர குமார். கருப்புப் பணத்தில் புரண்ட வீட்டுமனை வியாபாரி ஒருவர் பணமதிப்பு நீக்கத்தால் நொடித்துப் போகிறார். பின்னர் விபத்தில் சிக்குகிறார். உடல் அறுவைச் சிகிச்சை அறையில் கிடக்க, அவரோ மறுவுலகில், கோட்டு அணிந்த சித்திரகுப்தர் முன் நிற்கிறார். பாவத்துக்குக் கருப்புப் பந்து, புண்ணியத்துக்கு வெள்ளைப் பந்து. எது நிறைகிறதோ, அதுவே தீர்ப்பு.

முன்னோட்டம் வந்த உடனேயே எதிர்ப்பும் எழுந்தது. சித்திரகுப்தரைத் தங்கள் குலமுதல்வராக வணங்கும் காயஸ்தர் சமூகத்தினர் மனம் புண்பட்டனர். உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் ஆனது. இறுதியில் சித்திரகுப்தர் 'சி.ஜி.' ஆனார், யமதூதர் 'ஒய்.டி.' ஆனார். படம் திரைக்கு வந்தது.

இந்த வேதனையை நாம் ஏளனம் செய்ய இயலாது. 2006-இல் 'தா வின்சி கோட்' திரைப்படத்தை எதிர்த்துக் கிறிஸ்தவர்கள் குரல் எழுப்பினோம். தமிழக அரசு தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. சித்திரகுப்தருக்குக் காஞ்சிபுரத்திலும் கோயில் உண்டு. அவரை வணங்கும் அயலாரின் மனவலி நமக்கும் புரிய வேண்டும்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கணக்கரின் பெயரையும் உடையையும் பற்றி இவ்வளவு பேசினோமே, அவர் ஏட்டில் இருந்தவற்றைப் பற்றி எவ்வளவு பேசினோம்? அந்த வியாபாரியின் கோபம், மனைவியின் உயர்வைக் கண்டு பொறாமை, பெற்ற தாயையும் உடன்பிறந்தவளையும் புறக்கணித்தது, கணக்கில் வராத பணம்: இவை எந்த ஒரு மதத்தாருக்கும் மட்டும் உரியவை அல்ல. பத்திரத்தில் ஒரு விலை, கைக்குள் ஒரு விலை என்று மனை வாங்குகிறவர்கள் நம் பங்குகளில் இல்லையா? முதியோர் இல்லத்தில் வாசலையே பார்த்திருக்கும் தாய்மார் நம் குடும்பத்தினர் இல்லையா?

பந்துகளை எண்ணித் தீர்ப்பிடும் கடவுளை நாம் அறிக்கையிடவில்லை. சிலுவையில் மனம் மாறிய கள்வனிடம் எண்ணிக் காட்ட எத்தனை வெள்ளைப் பந்துகள் இருந்தன? ஆனால் இரக்கம் என்பது கணக்கைக் கிழித்தெறிவதும் அல்ல. இயேசு தம் வீட்டுக்கு வந்த அன்றே சக்கேயு, தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். மீட்பு இலவசமாக வந்தது. கணக்கு அதன்பின் நேரானது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்திலோ, தீர்ப்பிடுபவரே பசித்தவராகவும் நோயுற்றவராகவும் நம் வாசலுக்கு முன்பே வந்து போயிருக்கிறார். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் 2007-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், இறுதித் தீர்ப்பை அச்சத்தின் சித்திரமாக அல்ல, எதிர்நோக்கின் சித்திரமாகவே காட்டினார். ஏனெனில் அங்கே ஏழையின் கண்ணீர் மறக்கப்படுவதில்லை.

திரைப்பட நாயகனுக்கு மறுவுலக வாசலில் மறுவாய்ப்பு கிடைத்தது. நமக்கு அது இங்கேயே, இன்றே தரப்பட்டுள்ளது. திருப்பித் தர வேண்டிய பணம், பேசாமல் விட்ட சகோதரன், பார்க்கப் போகாத தாய்: இந்த வாரம் இவற்றில் எதை முதலில் சரிசெய்யப் போகிறோம்?

சிந்திப்போம், செயல்படுவோம்.