மண் போகுது, ரொட் வருது

வெல்டிங் ரொட் ஒன்றின் மேற்பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க. 6013 என்று அச்சடித்த சாதாரண ரொட்தான். அந்தப் பூச்சின் முக்கியச் சரக்கு ரூட்டைல். நெருப்பு சட்டென்று பிடிக்கிறதும் அணையாம நிற்கிறதும் அதாலதான். புல்மோட்டைக் கடற்கரைக் கறுப்பு மண்ணில இல்மனைட், சிர்க்கோனோடு சேர்த்துப் பிரித்தெடுக்கிறதும் இதே கனிமம்தான். 1957இல கனிய மணல் கூட்டுத்தாபனம் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கப்பல் மண் போயிட்டு. ரொட்டை மட்டும் நாங்க கடையில காசு கொடுத்து வாங்குறம்.

பழைய ஜீப் எஞ்சின் ஒன்றுக்கு நாங்களே ஃபிரேம் ஒட்டத் தொடங்கினப்போ ஊரில கேட்ட முதல் கேள்வி: "ஏன் தம்பி, ஒரு வாகனத்த வாங்கினா என்ன?" எதைக் கொண்டு வாங்குறது? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. இடையில பழைய வாகனங்களே எட்டாத விலைக்குப் போயிட்டு. திறந்த பிறகும் வரியோட சேர்த்தா அது எங்கட கனவில்கூட வராது.

இரண்டாவது கேள்வி ஒரு அலுவலக மேசையில வந்தது: "செசி நம்பர் எங்க?" நாங்க ஒட்டின ஃபிரேமுக்கு நம்பர் எங்கேயிருந்து வரும்? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவில்லாத வாகனம் வீதியில ஓட முடியாது. சரி, பதியிறதுக்கு யாரிடம் காட்டுறது? அதற்கு அந்த மேசையில பதில் இல்ல.

"பாதுகாப்பு" என்பாங்க. நியாயம்தான். முகமூடி போடாம, துருவைக்கூடத் தேய்க்காம ஒட்டிப்போட்டு டிக்டொக்கில விடுற எங்கட ஆக்களையும் சேர்த்தே சொல்லுறம்: அது துணிச்சல் இல்ல, அடுத்தவன்ட உயிரோட விளையாட்டு. மூலைக்கு மூலை நாடா பிடிச்சு இரண்டு குறுக்களவும் சமமா வந்த பிறகுதான் ஃபிரேமில புள்ளி வைக்கணும். ஒரே பக்கமா ஒட்டிக்கொண்டு போனா சூட்டில குழாய் இழுத்து வளையும். பக்கம் மாறி மாறி ஒட்டணும். இது தெரியாதவன் ஃபிரேமைத் தொடவே கூடாது.

ஆனா பாதுகாப்புக்கு வழி பரிசோதனை. பிரிட்டனில வீட்டுக் கராஜில கட்டின காரையும் ஐ.வி.ஏ. என்ற தனிவாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். பிரேக், ஸ்டியரிங் எல்லாம் பார்த்து, சரியென்றா வீதிக்கு விடுறாங்க. இங்க அரசாங்கமே என்.வி.கியூ. படிப்பு நடத்தி வெல்டருக்குச் சான்றிதழ் கொடுக்குது. அந்தச் சான்றிதழோட அவன் வெளிநாட்டுக்குப் போனா சந்தோஷம். உள்ளூரில வாகனம் கட்டினா மட்டும் சந்தேகமா?

90களில பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்தில பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில ஓட்டின மெக்கானிக்மாரைப் பற்றி இன்னும் பெருமையாக் கதைக்கிறம். நெருக்கடியில மட்டும் எங்கட கைவேலை பெருமை, மற்ற நாளில அது சட்டவிரோதம் என்றா அந்தப் பெருமை எதுக்கு?

எங்கட ஊருக்குச் சொல்லுறதெல்லாம் ஒன்றுதான்: மண்ணை அள்ளு, அனுப்பு, செய்து வாறதை வாங்கு. அதை நாங்க ஏற்கிறதா இல்ல. கட்டின வாகனத்தைப் பரிசோதிச்சுப் பதிய ஒரு தெளிவான வழி வேணும், அதுவும் திருகோணமலையிலேயே வேணும்.

ஃபிரேம் இப்ப தார்ப்பாயின் கீழ கிடக்கு. கடற்காற்று என்றபடியா இரண்டு பூச்சு பிரைமர் அடிச்சு வச்சிருக்கம். பரிசோதகர் வரட்டும். சுத்தியலோட வந்து ஒவ்வொரு ஒட்டையும் தட்டிப் பார்க்கட்டும்.