பதினேழாவது வரி

ஆடிக் காற்றில் எங்கள் வள்ளியூர் வீட்டுக் கதவு நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே அக்கா மகன் திண்ணையில் லேப்டாப்பை விரித்திருந்தான். சென்னையில் பெரிய மென்பொருள் கம்பெனி; இந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை.

"மாமா, ரிலீஸுக்கு ஒரு செக்லிஸ்ட் வேணும். கம்பெனி லைப்ரரில தேடுனா நாப்பத்தொண்ணு வருது. எத எடுக்க?"

இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதையே கேட்டேன். அப்போது அதற்குப் பெயர் 'பால்'. பிராசஸ் அசெட் லைப்ரரி என்பதன் சுருக்கம். "பால்ல இருக்கு, போய் எடு" என்று சீனியர் சொன்னபோது கேண்டீனைப் பார்த்தவன் நான்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய சி.எம்.எம். என்பது கம்பெனிகளின் வேலைமுறையை எடைபோடும் ஐந்து படி ஏணி; அதன் மூன்றாம் படிக்கு இந்த நூலகம் தேவைப்பட்டது. ஒரு டீம் கற்றது அந்த டீமோடு போய்விடக் கூடாது என்பதுதான் எண்ணம். தொண்ணூறுகளில் நம்மூர் கம்பெனிகள் ஐந்தாம் படிக்குப் போட்டி போட்டு ஏறின.

இன்ஃபோசிஸ் 1992-லேயே, ஊழியர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி வைக்க ஓர் ஏற்பாடு செய்தது. பிறகு 'கே-ஷாப்' என்ற இணைய நூலகம் வந்தது. எழுதுகிறவருக்கும் படித்து மதிப்பிடுகிறவருக்கும் புள்ளிகள். புள்ளிகளைச் சேர்த்துப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். விளைவை ஊகிக்கலாம்: கட்டுரைகள் வந்து குவிந்தன. எது உருப்படியானது என்று தேடுவதே ஒரு வேலையானது. கடைசியில், எத்தனை எழுதினாய் என்பதைவிட எத்தனை பேருக்கு உதவியது என்பதற்கு எடை கூட்டி விதியை மாற்றினார்கள். இது ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் பொருளானது. தப்பை ஒத்துக்கொண்டு திருத்திய கதை என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

மருமகன் ஒரு பட்டியலைத் திறந்துவிட்டான். "பதினேழாவது வரியப் பாத்தீங்களா? 'மார்ச், நவம்பர் ஞாயிறுகளைச் சரிபார்.' இது எதுக்கு? நமக்கு வேண்டாம்லா? எடுத்துரட்டா?"

எனக்கு அடிவயிறு கலங்கியது.

அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணியானதும் கடிகாரத்தை 3 ஆக்கிவிடுவார்கள். இடைப்பட்ட ஒரு மணி நேரம் அன்றைக்குக் கிடையாது. எங்கள் வாடிக்கையாளர் அங்கே. எங்கள் புரோகிராம் 2.30-க்கு ஓட வேண்டியது. இல்லாத நேரத்தில் எப்படி ஓடும்? திங்கட்கிழமை முழுக்கத் திட்டு வாங்கினோம். அப்புறம் 'கற்ற பாடங்கள்' என்ற படிவத்தில் அதை விலாவாரியாக எழுதினேன். ஆடிட் வருகிறது, இவ்வளவு விவரம் வேண்டாம் என்றார் மேலாளர். கதை போனது, வரி மட்டும் நூலகத்துக்குள் நுழைந்தது. மூன்று வருஷம் கழித்து வேறு ஊர் டீம் ஒன்று அந்த வரியைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டு, அதே ஞாயிற்றுக்கிழமையில் அதே குழியில் விழுந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை. ஏன் என்று யாரும் சொல்லி வைக்கவில்லையே.

எங்கள் தெருவில் ஒரு தவசிப்பிள்ளை இருந்தார். கல்யாணச் சமையலுக்கு அவர் போடும் பலசரக்குச் சிட்டைகளை ஒரு நீள நோட்டில் ஒட்டி வைத்திருப்பார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சில் குறிப்பு. 'ஆடி. காத்துல அடுப்பு எரியல. விறகு ரெண்டு பங்கு.' 'பொண்ணு வீடு கேரளம். தேங்கா பத்தல, பாதியில ஆள் அனுப்பினேன்.' மானம் போன கதைகள்தான் பாதி. அவர் மகன் இன்றைக்கும் அந்த நோட்டைப் பார்க்காமல் அடுப்பு மூட்டுவதில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மருமகன் பதினேழாவது வரியை விட்டுவைத்தான். காரணத்தையும் சேர்க்கலாம் என்று படிவத்தைத் திறந்தான். தயாரித்தவர், ஒப்புதல் அளித்தவர், பதிப்பு எண், தேதி, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. காரணத்துக்கு இல்லை. கடைசியில் 'இதர குறிப்புகள்' என்ற சின்னக் கட்டத்தில் தட்ட ஆரம்பித்தான். "மாமா, திட்டு வாங்குனதையும் போடவா?"

போடு என்றேன்.