விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பது ஏன்?

கேள்வி: "தஞ்சாவூர் மாவட்டம், ஒரத்தநாடு பக்கத்தில் எங்கள் வயலில் 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் பண்ணைக்குட்டை இருக்கிறது. ஐந்தடி தண்ணீர் நிற்கும். ஆடி மாதம் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் 3,000 விட்டேன். தினமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் தூவினேன். வாரம் தவறாமல் சாணம் கரைத்து ஊற்றினேன். மீன்கள் 150 கிராம் அளவுக்கு வந்துவிட்டன. கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து மழை மூட்டம். நான்காம் நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மதியத்துக்குள் 600 மீன்களுக்கு மேல் செத்துவிட்டன. பெரிய மீன்கள்தான் முதலில் போயின. பக்கத்து வயலில் அடித்த மருந்து இறங்கிவிட்டதோ என்று சந்தேகம். குட்டையை விட்டுவிட்டு பயோஃப்ளாக் தொட்டி போடு, மானியம் கிடைக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வீட்டு நகையை அடகு வைத்து அதில் இறங்கலாமா?"

பதில்: நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். வாசகர் எழுதியுள்ள அறிகுறிகளைப் பார்த்தால், மீன்கள் செத்தது மருந்தால் அல்ல, மூச்சுமுட்டித்தான்.

பூச்சிமருந்து கலந்திருந்தால் சிறிய மீன், பெரிய மீன் என்ற வேறுபாடு அவ்வளவாக இருக்காது. தவளை, நீர்ப்பூச்சி, இறால் குஞ்சு என்று குட்டையில் உள்ள மற்ற உயிர்களும் சேர்ந்து சாகும். நேரம் காலமும் கிடையாது. பிராணவாயு குறைந்தால் விடியற்காலையில்தான் சாவு தொடங்கும். உடம்பு பெருத்த மீன்களுக்கு அதிகக் காற்று தேவை என்பதால் அவையே முதலில் விழும்.

குட்டைத் தண்ணீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். பகலில் வெயில் பட்டால் இவை தண்ணீருக்குள் பிராணவாயுவை உண்டாக்கும். இரவில் அதே பாசிகளும் மீன்களோடு போட்டி போட்டு மூச்சு விடும். அடியில் கிடக்கும் சாணமும் தின்னாமல் விட்ட தவிடும் மக்குவதற்கும் பிராணவாயு செலவாகும். ஆகவே, பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் காற்று மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை மீன்கள் நன்றாக வளரும். 3-க்குக் கீழே போனால் தீனி எடுக்காமல் சோர்ந்து நிற்கும். 1-க்கு வந்தால் சாவுதான். மூன்று நாள் வெயில் இல்லாமல் போனால் பகல் வரவு நின்று, இரவுச் செலவு மட்டும் நடக்கும். ஒரத்தநாட்டுக் குட்டையில் நடந்தது இதுதான்.

மழை மூட்டம் எல்லா ஊருக்கும்தான் வந்தது. இந்தக் குட்டை மட்டும் ஏன் தாங்கவில்லை? குட்டையின் பரப்பு 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். 3,000 மீன், தலைக்கு 150 கிராம் என்றால் 450 கிலோ. ஒரு ஹெக்டேருக்குக் கணக்கிட்டால் 5 டன். காற்றூட்டும் வசதி இல்லாத குட்டையில் நன்றாகப் பராமரித்தால் ஆண்டு முடிவில் எடுக்கக்கூடியதே ஹெக்டேருக்கு 3 முதல் 4 டன்தான். நான்காவது மாதத்திலேயே அந்த எல்லையைத் தாண்டியாகிவிட்டது. அன்று மூட்டம் வராமல் இருந்திருந்தால் தை மாதத்திலாவது இது நடந்திருக்கும்.

குஞ்சு மலிவாகக் கிடைப்பதும் ஒருவகையில் இதற்குக் காரணம். ஒரு காலத்தில் கட்லா, ரோகு குஞ்சு வேண்டுமென்றால் வடநாட்டு ஆறுகளில் வெள்ளம் வரும்போது அரித்துப் பிடிக்க வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும் ஊசி மூலம் கெண்டை மீன்களை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுப் பண்ணைகள் பெருகின. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இப்போது நூறு ரூபாய்க்குக் கூடுதலாக வாங்கினால் இன்னும் ஒரு பை கிடைக்கும் என்பதால், எல்லோருக்கும் கை நீண்டுவிடுகிறது. 22 சென்ட் குட்டைக்கு 600 விரலளவுக் குஞ்சுகள் போதும். கவனமாகப் பார்த்துக்கொள்ள முடிந்தால் 900 வரை போகலாம். மேல்மட்டத்தில் மேயும் கட்லா நான்கு பங்கு, நடுமட்டத்தில் மேயும் ரோகு மூன்று பங்கு, அடிமட்டத்தில் மேயும் மிர்கால் மூன்று பங்கு என்று விட்டால், ஒன்றின் தீனிக்கு மற்றொன்று போட்டிக்கு வராது.

இப்போது குட்டையில் 2,400 மீன்கள் இருக்கும். முதல் வேலை இவற்றைக் காப்பாற்றுவது. மூட்டமான நாட்களில் தீனியையும் சாணத்தையும் அறவே நிறுத்திவிட வேண்டும். மீன்கள் வாய் பிளப்பது தெரிந்தால், மோட்டாரோ டீசல் இன்ஜினோ வைத்துக் குட்டைத் தண்ணீரையே இறைத்துக் குட்டைக்குள்ளேயே உயரத்திலிருந்து கொட்ட வேண்டும். குழாய் வாயில் ஒரு பலகையையோ தென்னை மட்டையையோ கட்டித் தண்ணீர் சிதறும்படி செய்தால் இன்னும் நல்லது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே உள்ளே விடுவது பலரும் செய்யும் தவறு. நிலத்தடி நீரில் பிராணவாயு மிகக் குறைவு. அதையும் சிதறடித்துத்தான் விட வேண்டும். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்பதைப் பார்த்து, அது இல்லாத நேரத்துக்கு இன்ஜினைத் தயாராக வைத்திருப்பது அவசியம். செத்த மீன்களை உடனே அள்ளிக் கரையிலிருந்து தள்ளிப் புதைத்துவிட வேண்டும். தண்ணீரில் கிடந்து அழுகினால் மிச்சமிருக்கும் காற்றையும் அவை தின்றுவிடும்.

இரண்டாவது வேலை, மீன்களைக் குறைப்பது. இதில்தான் வாசகருக்கு ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. 150 கிராம் மீனைச் சந்தைக்குக் கொண்டுபோனால் பொடிமீன் விலைதான் கிடைக்கும். ஆனால், இருப்புச் செய்ய அதைவிடச் சிறந்த குஞ்சு கிடையாது. ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள மீன் விவசாயிகள் விரலளவுக் குஞ்சுகளைக் குளத்தில் நேரடியாக விடுவதில்லை. அவற்றை நெருக்கமாக, குறைந்த தீனியில் ஓராண்டு வரை வைத்திருந்து, 100 கிராமுக்கு மேல் வந்த பிறகே வளர்ப்புக் குளத்துக்கு மாற்றுகிறார்கள். நெருக்கத்தில் ஒடுங்கியிருந்த மீன் இடம் கிடைத்ததும் மளமளவென்று எடை போடும். விராலும் பாம்பும் விழுங்க முடியாத அளவு என்பதால் சாவும் குறைவு. தண்ணீர் ஆறேழு மாதமே நிற்கும் டெல்டா குட்டைகளுக்கு இந்த முறை ரொம்பவே பொருந்தும். வாசகர் தெரியாமலே இப்படிப்பட்ட குஞ்சுகளைத்தான் உருவாக்கி வைத்திருக்கிறார். வெயில் அடிக்கும் நாட்கள் ஒரு வாரம் வந்து மீன்கள் தெளிந்த பிறகு வலை இழுத்து, 600 மீன்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைப் பக்கத்துக் குட்டைக்காரர்களுக்கு உயிரோடு விற்கலாம். பிடிப்பதற்கு முந்தைய நாள் தீனி போடக் கூடாது. வயிறு காலியாக இருந்தால்தான் பயணத்தில் தாங்கும்.

தீனி விஷயத்திலும் கொல்லேறுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. தவிட்டையும் புண்ணாக்கையும் தூவாமல், அடியில் வரிசையாகச் சிறு ஓட்டைகள் போட்ட சாக்கில் நிரப்பி, மூங்கில் கழியில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். மீன்கள் ஓட்டை வழியாக இழுத்துத் தின்னும். சாக்கு காலியாகவில்லை என்றால் மறுநாள் தீனியைக் குறைக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இதை அங்குள்ள விவசாயிகளே தங்கள் அனுபவத்தில் உருவாக்கினார்கள். பழைய உரச்சாக்கைப் பயன்படுத்துவதானால் நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். அளவு தெரிய, மாதம் ஒருமுறை வீச்சுவலை போட்டு 20 மீன்களை எடை பார்த்தால் போதும். சராசரி 200 கிராம், மீன்கள் 600 என்றால் மொத்தம் 120 கிலோ. அதில் 2 முதல் 3 சதவிகிதம், அதாவது இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை ஒரு நாளைக்குப் போதும்.

சாணம் ஊற்றலாமா, வேண்டாமா என்பதைக் கையே சொல்லிவிடும். வெயில் நேரத்தில் கையை நேராகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அதிகம். சாணத்தை நிறுத்த வேண்டும். முழங்கை நனைந்த பிறகும் உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் சாணம் கொஞ்சம் தேவை. சேற்றுக் கலங்கலாக இருக்கும் தண்ணீருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இனி பயோஃப்ளாக். அது கெட்ட தொழில்நுட்பம் அல்ல. ஆனால், இரவு பகலாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய தொழில்நுட்பம். குட்டையில் காற்று குறைந்தால் வாய் பிளக்கும் மீனைப் பார்த்துச் சுதாரிக்க ஓர் இரவாவது கிடைக்கும். தொட்டியில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் அந்த அவகாசம் கிடையாது. அம்மோனியா அளவைத் தினமும் பார்த்து, வெல்லப்பாகு கலந்து சரிசெய்யவும் தெரிய வேண்டும். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஏழு தொட்டி கொண்ட சிறிய அலகுக்கு 7.5 லட்ச ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள் மற்றும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் வைத்தார்கள். 60 சதவிகிதமே கிடைத்தாலும் மீதி 3 லட்ச ரூபாய் கைப்பணம். பெரும்பாலும் வேலை முடிந்து ஆய்வு செய்த பிறகுதான் மானியம் வரும். அதுவரை அடகு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சொல்லாமல் மானியத்தை மட்டும் சொல்பவர், தொட்டி விற்பவராகவும் இருக்கலாம்.

600 மீன்களோடு ஒரு பருவம் தள்ளி, 300 கிலோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு 1,500 மீன் விடலாமா என்று யோசிக்கலாம். அப்போது ஒரு குதிரைத்திறன் காற்றூட்டி வாங்கி, நள்ளிரவு தாண்டியதிலிருந்து விடியும் வரை ஓட்டினால் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கும். அதற்கு முன் தஞ்சாவூரில் உள்ள மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. போகும்போது ஒரு பாட்டில் குட்டைத் தண்ணீரும், குஞ்சு விட்ட நாள், எண்ணிக்கை, போட்ட தீனி எழுதிய நோட்டும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: "ஜிலேபிக் கெண்டை தானாகவே பெருகும் மீன்தானே? அதையே வளர்க்கக் கூடாதா?"

பதில்: தானாகப் பெருகுவதுதான் அதன் சிக்கல். 1952-ல் இந்தியாவுக்கு வந்த அந்த இனம் இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். குட்டை முழுக்க விரல் நீள மீனாக நிறைந்து, எதுவும் விலைக்கு ஆகாது. வளர்க்க விரும்புபவர்கள் ஆண் மீன் மட்டும் கொண்ட 'கிஃப்ட்' திலேப்பியாவைத்தான் நாட வேண்டும். அதற்கு மீன்வளத்துறையில் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். குஞ்சையும் அங்கீகரிக்கப்பட்ட பண்ணையில் மட்டுமே வாங்க வேண்டும். வெள்ளத்தில் கரை மூழ்கும் குட்டையாக இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். அங்கிருந்து தப்பும் மீன் வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போய்விடும்.