உபதேசம் டிரைவருக்கு, லாபம் யாருக்கு?

ஜனவரி மாதம் பிறந்தால் போதும், சாலைப் பாதுகாப்பு விழா துவங்கி விடுகிறது. அதிகாரிகள் வருகிறார்கள். லாரிகளை நிறுத்தி டிரைவர் கையில் ஒரு ரோஜாப் பூவும் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுக்கிறார்கள். "பொறுமையாக ஓட்டுங்கள், பிறரை மதியுங்கள், விட்டுக் கொடுங்கள்" என்று உபதேசம் செய்கிறார்கள். பூ வாடுமுன்பே டிரைவரின் செல்போன் அலறுகிறது. "எங்கே நிற்கிறாய்? லோடு ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை?" பேசுவது முதலாளி. அவருக்கு யாரும் பூக் கொடுப்பதில்லை, உபதேசமும் செய்வதில்லை.

சாலையில் மரியாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நிச்சயம் வேண்டும். காவல்கிணறிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்கும், அங்கிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்கும் செல்லும் சாலையில் கனரக லாரிகள் ஓடிய வண்ணம் இருக்கின்றன. கல்லும் எம்-சாண்டும் கேரளத்துக்குப் போகின்றன. காற்றாலை இறக்கைகளை ஏற்றிய நீண்ட வண்டிகள் முப்பந்தலுக்கு வந்து போகின்றன. அதே சாலையோரத்தில்தான் இரவு ஷிப்டு முடித்த மில் தொழிலாளி சைக்கிளில் வீடு திரும்புகிறான். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நடவு நடப் போகும் பெண்கள் விடியுமுன் தூக்குச் சட்டியுடன் நடக்கிறார்கள். சக்கரத்துக்கு முதலில் இரையாவது இவர்கள்தான். ஆகவே டிரைவர் எப்படி நடந்து கொள்கிறார் என்பது உழைப்பாளி மக்களுக்கு உயிர்ப் பிரச்னை.

ஆனால் நாம் கேட்கிறோம்: டிரைவருக்கு மரியாதை தெரியாதா? அல்லது அவரை மரியாதையாக நடக்க விடாமல் யாரோ விரட்டுகிறார்களா?

தொழிலாளி வகுத்த மரியாதை

எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்துவது, மலைச்சாலையில் லோடுடன் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்பது, பழுதாகி நிற்கும் லாரியைக் கண்டால் எந்த ஊர், எந்த ஜாதி என்று கேளாமல் ஜாக்கியை எடுத்துக்கொண்டு இறங்குவது - இவையெல்லாம் எந்தப் பந்தலில் கற்றவை? கிளீனராக ஏறிய பையனுக்கு மூத்த டிரைவர் கற்றுக் கொடுத்தவை. ஸ்ரீநகரில் துவங்கும் 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை நம் கன்னியாகுமரியில் முடிகிறது. அந்தச் சாலையில் பஞ்சாப் டிரைவரும் நாமக்கல் டிரைவரும் பாஷை தெரியாமலேயே ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள். இதுவே தொழிலாளியின் மரியாதை.

இதைக் கெடுப்பது எது? நடைக் கணக்கு! நடைக்கு இத்தனை ரூபாய் என்று பேசினால், வண்டி நின்ற நேரத்துக்குக் கூலி இல்லை. லோடு ஏற்றுமிடத்தில் அரை நாள் காத்துக் கிடந்தாலும், அந்த அரை நாளைச் சாலையில் வேகத்தால் ஈடுகட்ட வேண்டும். அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுவது முதலாளியின் லாபத்துக்கு. பிரேக் பிடிக்காமல் போனால் பழி டிரைவர் தலையில்! மில்லில் ஒரே ஆள் தலையில் கூடுதல் மெஷினைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை மில் தொழிலாளி அறிவார். அங்கே அறுவது நூல், பிணைத்து விடலாம். சாலையில் அறுவது உயிர்.

சட்டம் எங்கே போயிற்று?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை நிர்ணயித்தது. நீண்ட தூரப் பயணத்துக்கு அனுமதி பெற்றாலும் நாளைக்கு 10 மணிக்கு மேல் கூடாது. 5 மணி வேலைக்குள் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும். நல்ல சட்டம்தான்! ஆனால் 5 தொழிலாளருக்குக் குறைவாக உள்ள இடத்தில் அது தானாகச் செல்லாது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் டிரைவருக்கு அது ஏட்டுச் சுரைக்காயே.

இந்த ஓட்டையை அடைத்தார்களா? அகலமாக்கினார்கள்! 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்குக் கொண்டு வந்த தொழிற்சட்டத் தொகுப்பு 1961-ம் வருஷத்துச் சட்டத்தை விழுங்கியது. 5 என்ற எண்ணிக்கை 10 ஆகியது. ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டிய டிரைவர் 45 நிமிஷம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். லாரியிலுள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. அங்கே சாத்தியமானது இங்கே ஏன் சாத்தியமில்லை?

தண்டனை விஷயத்தில் மட்டும் சர்க்காருக்கு எத்தனை சுறுசுறுப்பு! விபத்தில் மரணம் நேர்ந்து, போலீசுக்குச் சொல்லாமல் டிரைவர் தப்பிச் சென்றால் 10 வருஷம் வரை சிறை என்று 2023-ம் ஆண்டின் புதிய குற்றவியல் சட்டத்தில் 106(2)-வது பிரிவை எழுதினார்கள். 2024 ஜனவரி முதல் தேதியில் பல மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகள் வறண்டன. மறுநாளே சர்க்கார் பேச்சு வார்த்தைக்கு இறங்கியது. யாருடன்? லாரி உரிமையாளர்களின் அமைப்புடன்! சிறைக்குப் போக டிரைவர், பேசுவதற்கு முதலாளி! ஆயினும் வேலை நிறுத்தம் வீண் போகவில்லை. 2024 ஜூலை முதல் தேதி புதிய சட்டம் அமலானபோது அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

கை ஓங்கும் முன் யோசியுங்கள்

கிராமத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிபட்டுக் கிடப்பது நம் பிள்ளை என்றால் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் டிரைவரை இழுத்துப் போட்டு அடித்தால் என்ன கிடைக்கிறது? ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டிய கைகள் அடிதடியில் இறங்குகின்றன, காயம்பட்டவனின் நேரம் போகிறது. அடுத்த விபத்தில் அடுத்த டிரைவர் ஓடுகிறார். காயம்பட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்று கூறும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமற் போகலாம் என்பதை ஒப்புக் கொள்கிறது. வேகத்தை விரட்டியவன் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். அடி வாங்குகிறவனும் கூலிக்காரன், அடிக்கிறவனும் கூலிக்காரன்!

டிரைவர் தோழர்களே, உங்களுக்கும் பொறுப்பு உண்டு. பழுதான வண்டிக்கு அண்டை கொடுத்த கல்லை நடுரோட்டில் போட்டு விட்டுப் போகாதீர்கள். இருட்டில் அதில் மோதி விழுகிறவன் சைக்கிளில் வரும் தொழிலாளி. குடித்து விட்டு வண்டியைத் தொடாதீர்கள். எதிரே வருகிறவன் கண் கூச விளக்கைப் போடாதீர்கள். விபத்து நேர்ந்தால் காயம்பட்டவருக்கு உதவுங்கள். நிற்க முடியாத நிலையா, நேரே அடுத்த போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று சொல்லுங்கள். கண் இருட்டினால் ஓரத்தில் நிறுத்தித் தூங்குங்கள். தூங்கியதற்காக ஒருவரின் பேட்டாவை வெட்டினால், எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

நாம் கோருவது இதுதான்: ஒற்றை லாரி டிரைவருக்கும் வேலை நேர வரம்பு வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். லோடு ஏற்றுமிடத்திலும் நெடுஞ்சாலையிலும் படுக்கவும் குளிக்கவும் இடம் வேண்டும். அதிக பாரத்துக்கு, ஏற்றச் சொன்னவன் மீது வழக்கு வேண்டும். இவற்றைச் செய்து விட்டு மரியாதையைப் பற்றிப் பேச வாருங்கள். ரோஜாப் பூவை அப்போது வாங்கிக் கொள்கிறோம்!