போனவன் விட்ட இடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாரந்தனையிலுள்ள என் தமக்கையின் வீட்டிற்குப் போயிருந்தேன். பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டியும் வேலணையும் தாண்டி, பனைகளுக்கிடையே பேருந்து ஓடும்போது மனத்தில் ஒரு நிம்மதி பிறப்பதுண்டு. அன்று அந்த நிம்மதி தமக்கை வீட்டுப் படலை வரையில்தான் நிலைத்தது. உள்ளே, மருமகன் விறாந்தை ஓரத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன சேதி என்று கேட்டேன். பதில் இல்லை. தமக்கைதான் சொன்னாள்:

"கொப்பியிலே இவன்ரை பேரை வெட்டிப் போட்டாங்களாம். அதுக்குத்தான் இந்தக் கோலம்."

எந்தக் கொப்பி, எந்தப் பெயர் என்று வாசகர்கள் கேட்பது புரிகின்றது. சொல்லுகிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் அவ்வூர்ப் பையன்கள் ஐவர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கினர். கனடாவிற்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தாரின் பூட்டிக் கிடந்த வீடு, திறப்பு வைத்திருந்த பெரியவரின் அனுமதி, பழைய கிற்றார்கள் இரண்டு, ஒரு மேளக்கூட்டம், கரகரக்கும் ஒலிபெருக்கி ஒன்று. இவையே அவர்களுடைய மூலதனம். வாசிப்பது 'பங்க்' என்னும் மேல்நாட்டு இசை. "தகரக் கடைக்குள்ளே ஆடு புகுந்த சத்தம்" என்பது தமக்கையின் விமரிசனம். உறுப்பினர் பெயரையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தனர். யாராவது விலகினால் அவன் பெயரின்மீது சிவப்பு மையால் கோடு விழும்.

முதல் ஐவரில் ஒருவன் பிரான்சிலிருக்கும் தமையனிடம் போனான். மற்றொருவன் தந்தையின் இடமாற்றத்தோடு கொழும்புக்குப் போனான். மூன்றாமவனுக்கு வீட்டிலே தடை. இடையில் மூவர் புதிதாகச் சேர்ந்தனர். ஆக எழுதிய பெயர்கள் எட்டு. கோடு விழுந்தவை நான்கு. நான்காவது கோடு என் மருமகனுக்கு. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது, இனி வரமுடியாது என்று அவன் சொல்லிவிட்டான். சொன்ன நாள், சனசமூக நிலைய ஆண்டு விழாவில் அவர்கள் மேடையேறுவதற்கு எட்டு நாள் முன்பு. "துரோகி" என்றார்களாம்.

"மாமா, படிக்கிறது பிழையா?" என்று கேட்டான் பையன்.

பிழை அன்று. எனினும் அவனைத் துரோகி என்றவர்களும் வெறும் மூடர்கள் அல்லர். இருசாராருக்கும் சேர்த்து ஒரு கதை சொன்னேன். அதனையே இங்கும் சொல்லுகிறேன்.

'பங்க்' என்பது 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் எழுந்த இசை வகை. அக்காலத்து ரொக் இசை மிகப் பெரிய வித்துவான்களின் சொத்தாகியிருந்தது. ஒரு பாட்டு கால் மணி நேரம் ஓடும். அரங்கு நிறைய இயந்திரங்கள் நிற்கும். இதனைக் கண்டு சலித்த இளைஞர்கள், மூன்று சுரக்கட்டு தெரிந்தால் போதும், நீயே பாட்டெழுது, நீயே வாசி, நீயே இசைத்தட்டும் வெளியிடு என்று புறப்பட்டார்கள். 1976ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் ராமோன்ஸ் குழுவினர் வெளியிட்ட முதல் இசைத்தட்டு, இரண்டு நிமிடப் பாட்டுகளாலேயே பல ஊர்ப் பையன்களுக்குத் துணிவு கொடுத்தது. வித்துவத்தன்மை வேண்டாம் என்ற இசை அது. ஆகையால் அது பள்ளிக்கூடப் பையன்களின் இசையாயிற்று. பையன்களின் குழு என்றால் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். இது இயற்கை.

இவ்வகையில் எனக்கு மிகப் பிடித்தது, வட அயர்லாந்தின் டெரி நகரத்துப் பையன்கள் ஐவரின் கதை. டெரி நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமானது அன்று. தெருவில் இராணுவம், சோதனைச் சாவடி, திடீரென அடைபடும் கடைகள் ஆகியவற்றோடு வாழ்ந்த ஊர் அது. 1972ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, அந்நகரின் பொக்சைட் பகுதியில் ஊர்வலம் போன மக்கள்மீது பிரித்தானியப் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், ஓநீல் என்ற குடும்பத்தின் வீட்டில் கூடி, சில பையன்கள் கிற்றார் பழகத் தொடங்கினர்.

ஜோன் ஓநீல், அவர் சகோதரர் வின்சென்ட், மைக்கேல் பிராட்லி, மேளம் அடிக்கும் பில்லி டொஹர்ட்டி, பாடுவதற்கு ஃபியர்கல் சார்க்கி. இவர்களே முதற்குழு. பெயர்கூட நிலையாக இல்லை. சாரணர் கொட்டிலிலும் பள்ளி மண்டபத்திலும் வாசித்துப் பழகினார்கள். 'அண்டர்ட்டோன்ஸ்' என்ற பெயர் பிற்பாடு வந்தது.

அப்போது வின்சென்ட் ஓநீலுக்குப் பரீட்சை வந்தது. என்ன பரீட்சை தெரியுமா? ஓ லெவல். அதாவது நம் சாதாரண தரப் பரீட்சையின் மூத்த உறவு. இங்கிலாந்தில் அப்பரீட்சை 1980களின் இறுதியில் வேறு உருவம் பெற்றுவிட்டது. அந்தப் பெயரை இன்றும் காப்பாற்றி வருபவர்கள் நாம். படிக்க வேண்டும் என்று வின்சென்ட் குழுவை விட்டு விலகினார். அவருடைய இடத்தில் வந்து நின்றவர் அவருடைய தம்பி டேமியன். டேமியன் பிறந்தது 1961இல். ஆகவே, அண்ணன் விட்ட கிற்றார் இடத்தை ஏற்றபோது அவர் எத்தனை சிறு பையன் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பின்பு நடந்தவை விரைவாக நடந்தன. 1977இல் டெரியின் காஸ்பா என்ற மதுச்சாலையில் அடிக்கடி வாசித்தார்கள். ஒலிப்பதிவு செய்து சில இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள், யாரும் ஏற்கவில்லை. குழு கலைந்துவிடும் என்ற நிலையும் வந்தது. கடைசியில் 1978ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெல்பாஸ்ற் நகரில், 200 பவுண் செலவில், நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தனர். அந்நகரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டெரி ஹூலி என்பவரின் சிறிய நிறுவனம் அதனை வெளியிட்டது. அந்நான்கில் ஒன்று ஜோன் ஓநீல் எழுதிய 'டீனேஜ் கிக்ஸ்'. இரண்டரை நிமிடத்திற்கும் குறைந்த பாட்டு. பி.பி.சி. வானொலியில் ஜோன் பீல் என்ற அறிவிப்பாளர் அதனை ஒலிபரப்பினார். முடிந்தவுடனே மீண்டும் ஒருமுறை ஒலிபரப்பினார். 2004இல் அவர் காலமானபின், அவருடைய கல்லறைக் கல்லில் அந்தப் பாட்டின் ஒரு வரியைப் பொறித்தார்கள்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். அந்தப் பாட்டில் கேட்கும் கிற்றார்களுள் ஒன்று டேமியனுடையது. அண்ணன் பரீட்சைக்கென்று போயிராவிட்டால் தம்பிக்கு அங்கே இடமில்லை. போனவன் குழுவை உடைத்தான் என்பதா, தம்பிக்கு வாசல் திறந்தான் என்பதா? இரண்டும் உண்மைதான். வாசல் திறந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உடைந்தது மாத்திரம் சிவப்பு மையாகக் கொப்பியில் தெரிகிறது.

அக்குழு 1983இல் கலைந்தது. 1999இல் மீண்டும் கூடியபோது, பாடகர் சார்க்கி திரும்பி வரவில்லை. அவர் விட்ட இடத்தில் பால் மக்லூன் என்பவர் நின்று பாடினார். பழைய பாட்டு, புதுக் குரல். 'சார்க்கி இல்லாத குழு ஒரு குழுவா?' என்று கேட்டவர்களும் உண்டு. குழு வாசித்துக்கொண்டே இருந்தது.

எந்த மாற்றமும் நன்மைக்கே என்று சொல்லிவிடவும் முடியாது. அதே காலத்தில் லண்டனில் புகழ் பெற்றிருந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் பாட்டமைப்பதில் பெரும்பங்கு கொண்டவர் கிளென் மட்லொக். 1977 பிப்ரவரியில் அவர் விலகினார். அவருடைய இடத்திற்குச் சிட் விஷியஸ் என்ற இளைஞரைக் கொண்டு வந்தனர். தோற்றம் பொருத்தம், வாத்தியமோ அவருக்குச் சரியாக வாசிக்கத் தெரியாது. ஓராண்டு கழியுமுன், 1978 ஜனவரியில், குழு சிதறிற்று. அந்த இளைஞர் 1979 பிப்ரவரியில் 21 வயதிலேயே மாண்டார். வெற்றிடத்தை நிரப்புவது வேறு. அவ்விடத்தின் வேலையைச் செய்யக்கூடியவனை நிறுத்துவது வேறு. அந்த வேற்றுமையை அறியாத குழு நெடுநாள் நிற்பதில்லை.

மேல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் பக்கத்துக் கதையும் உண்டு. தமிழ்நாட்டில், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஊர் ஊராய்ப் பாடி வந்தபோது, அவருடைய தம்பி ஒருவர் 14 வயதளவில் அக்குழுவிற் சேர்ந்தார். ஆரம்பத்தில் பெண் குரலில் பாடுவதே அவருடைய பங்கு. வயது வந்தது, குரல் உடைந்தது, அந்தப் பங்கு போயிற்று. பையன் அழுதுகொண்டு வீட்டிற்குப் போகவில்லை. ஆர்மோனியத்தின் பக்கம் போனார். 1976இல் 'அன்னக்கிளி' படத்திற்கு இசையமைத்த இளையராஜா அவர்தாம். டெரிப் பையன்கள் ராமோன்ஸைக் கேட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டு!

நம் தீவுப்பகுதியின் கத்தோலிக்க ஊர்களில் விடியவிடிய ஆடப்பட்ட நாட்டுக்கூத்துகளிலும் இதே நியதிதான். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். இளங்குரல் உள்ள பையன் இராணியாக நிற்பான். மீசை அரும்பினால் அந்த உடுப்பு இன்னொருவனுக்குப் போகும். கடலுக்குப் போனவன், கொழும்புக்குக் கடைக்குப் போனவன், மணமுடித்துப் போனவன் என்று ஆண்டுதோறும் ஆள் குறையும். அண்ணாவியார் வேறொருவனுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுப்பார். ஆட்டம் நிற்காது. 1990களின் இடப்பெயர்வில் தீவுகளே வெறிச்சோடிய பிறகும், திரும்பி வந்தவர்கள் விட்ட இடத்திலிருந்துதானே தொடங்கினார்கள்? வந்தவர்களைக் கொண்டு நடத்தக் கற்றவர்கள் நாம். போனவர்களின் பெயரை வெட்டத் தொடங்கினால் நாரந்தனையில் எந்தக் குடும்பத்துக் கொப்பிதான் மிஞ்சும்?

இவ்வளவும் சொல்லி முடித்தபோது மருமகனின் முகம் சற்றுத் தெளிந்திருந்தது. தன் கட்சி வென்றுவிட்டதாக நினைத்தான் போலும். அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"தம்பி, நீ விலகியது பிழை அன்று. விலகிய விதம் பிழை. பரீட்சை எப்போது என்பது உனக்கு நேற்றுத்தானா தெரிந்தது? எட்டு நாளுக்கு முன் சொன்னால் அவர்கள் யாரைத் தேடுவது? கூத்திலே உடுப்பைக் கழற்றுகிறவன், அடுத்தவனுக்குப் பாட்டைக் கொடுத்துவிட்டுத்தான் கழற்றுவான். நீ யாருக்குக் கொடுத்தாய்?"

பையன் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "மேளம் அடிக்கிறவன்ரை தம்பி கொஞ்சம் வாசிப்பான், மாமா. ஆனால் நாலு பாட்டிலே இரண்டுதான் தெரியும்" என்றான்.

"மற்ற இரண்டையும் யார் சொல்லிக் கொடுப்பது?"

அதற்கும் பதில் வரவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது, புறப்பட்டு வந்தேன்.

வியாழக்கிழமை தமக்கை தொலைபேசியில் பேசினாள். மாலையில் ஒரு மணி நேரம் பையன் அந்தப் பூட்டிய வீட்டிற்குப் போய்ச் சிறுவனுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறானாம். மீதி நேரம் கணிதப் புத்தகத்தோடு இருக்கிறானாம். முதல் நாள் யாரும் அவனோடு பேசவில்லை. இரண்டாம் நாள் தேநீர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கொப்பி வெளியே வந்தது. சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. ஆகவே புதிய தாள் ஒன்றைத் திருப்பி, எட்டுப் பெயரையும் முதலிலிருந்து எழுதினார்கள்: யார், என்ன வாத்தியம், எந்த மாதம் வந்தான், எந்த மாதம் போனான். பிரான்சுக்குப் போனவன் பெயரும் அதில் உண்டு. ஒன்பதாவதாகச் சிறுவனின் பெயர்.

அதன் கீழே சில வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறார்களாம்.